மலையகத்துக் கடைகளில் களவு: கண்டதையும் பட்டதையும் சொல்லுங்கள்

ஹட்டன், சில்லறைக் கடை

அப்பா காலத்தில் எங்கள் கடையில் சாமான் எல்லாம் மேசைக்குப் பின்னால்தான் இருந்தது. வாங்க வருகிறவர் கேட்பார், நாங்கள் நிறுத்துக் கட்டிக் கொடுப்போம். ராக்கை போட்டு, கையில் கூடையைக் கொடுத்து, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாற்றியபிறகு வியாபாரம் கூடியது உண்மைதான், ஆனால் ஸ்டொக் எடுக்கிற நாளில் கணக்கு இடிக்கத் தொடங்கியதும் அப்போதிருந்துதான். போகிற சாமானைப் பார்த்தால் எப்போதும் ஒரே வகை: ஷேவிங் பிளேட், பெற்றரி, சொக்லேட், முகத்துக்குப் பூசுகிற கிரீம், கோப்பித்தூள் போத்தல், பால்மா. உள்ளங்கையில் அடங்கும் அல்லது சால்வைக்குள் மறையும், விலையும் கூட. அரிசி மூட்டையை யாரும் தூக்கிப் போவதில்லை.

நாங்கள் செய்தது பெரிய செலவான வேலை இல்லை. அந்தச் சாமான்களை பில் போடுகிற மேசைக்குப் பின்னால் கொண்டுவந்தோம். நடு ராக்கைகளை நெஞ்சளவுக்குக் குறைத்தோம், நின்ற இடத்திலிருந்தே கடைசி வரைக்கும் ஆள் தலை தெரிய வேண்டும். பருப்பு, மா வைத்திருக்கிற மூலையில் வளைவுக் கண்ணாடி ஒன்று. அப்புறம் குடை. ஜூன், ஜூலையில் ஹட்டன் மழை எப்படியென்று தெரியும்தானே, பாதி மடித்த குடைக்குள் ரெண்டு சவர்க்காரமும் ஒரு டின் மீனும் வசதியாக இறங்கும். அதனால் வாசலிலேயே ஒரு வாளி வைத்து எல்லோருடைய குடையையும் வாங்கி டோக்கன் கொடுக்கிறோம். தரையும் நனைவதில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

கெமரா நாலு இருக்கிறது. ஆனால் அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, களவு போனபிறகு தேடிப் பார்க்கத்தான் உதவும். அதைவிட எனக்குப் பலன் தந்தது, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, "வாங்க அக்கா, என்ன தேடுறீங்க?" என்று கேட்பது. வாங்க வந்தவருக்கு அது உபசாரம். எடுக்க வந்தவருக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் வெறுங்கையோடு போய்விடுவார். பத்தாம் திகதி தோட்டங்களில் சம்பளம் போட்ட கையோடு டவுன் நிறைகிறபோது இது நடக்காது, அன்றைக்கு மட்டும் தம்பி வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு ராக்கை ஓரமாக நிற்க வைப்போம்.

ஒளித்ததைக் கண்டுவிட்டால், பில் போடும்போது மெதுவாக, "அண்ணே, வேற ஏதும் பில்லுல போட இருக்குதா?" என்று கேட்போம். பெரும்பாலும் சாமான் மேசைக்கு வந்துவிடும். மறந்துவிட்டேன் என்பார், சரி பரவாயில்லை என்று பில்லில் சேர்ப்போம். அப்படிக் கேட்டும் எடுக்காதவர்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதைத் தொடங்கினேன்.

நுவரெலியா, சுப்பர் மார்க்கெட் ஊழியர்

ஏப்ரல் சீசனில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஜக்கெட், சால்வை, தொப்பி. கொழும்பில் அப்படி ஒருவர் உள்ளே வந்தால் சந்தேகப்படலாம், இங்கே அது குளிருக்குப் போட்டது. ஆகவே உடுப்பைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது, கையைத்தான் பார்க்க வேண்டும். களவெடுக்க வந்தவர் சாமானைவிட நம்மைத்தான் அதிகமாகப் பார்ப்பார், விலையையோ திகதியையோ பார்க்காமல் கூடையில் போடுவார், அப்புறம் ஆள் இல்லாத வரிசைக்குள் போய் நிற்பார்.

வாசலில் சத்தம் போடுகிற கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமானில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்குள் மெல்லிய உலோகம் இருக்கிறது, கேட் அனுப்புகிற அலைக்கு அது பதில் கொடுக்கும். கெஷியர் மேசையில் உள்ள தட்டின் மேல் தேய்த்தால் ஸ்டிக்கர் செத்துவிடும். கெஷியர் தேய்க்க மறந்தாலும் கேட் கத்தும், வேறு கடையில் வாங்கிய சாமானில் சாகாத ஸ்டிக்கர் இருந்தாலும் கத்தும். உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய பையோடு வருகிறவருக்குச் சில நேரம் கத்தவே கத்தாது. அதனால் கேட் கத்தினால் ஆள் கள்ளன் என்று ஓடிப்போய்க் கையைப் பிடிக்கக் கூடாது, "சேர், ஒரு ஸ்டிக்கர் எடுபடாம இருக்கும் போல, பில்லோட ஒருக்கா பார்த்துருவோம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்டும் எடுத்து வைக்காதவரை என்ன செய்வது என்று ஹட்டன் கடைக்காரர் கேட்டதற்குப் பதில். ஆளை நிறுத்துவதற்கு முன், எடுத்ததைப் பார்க்க வேண்டும், ஒளித்ததைப் பார்க்க வேண்டும், இடையில் கண்ணை எடுக்கக் கூடாது, பில் மேசையைக் காசு கட்டாமல் தாண்டியதைப் பார்க்க வேண்டும். இடையில் ஆள் மறைந்துவிட்டால், பிஸ்கட் பக்கெட்டுகளுக்குப் பின்னால் திரும்ப வைத்துவிட்டும் வந்திருப்பார், அன்றைக்கு விட்டுவிடுவோம். நிறுத்தும்போது ரெண்டு பேராகப் போவோம், பெண் என்றால் ஒரு பெண் ஊழியர் கட்டாயம். ரோட்டில் ஓடினால் துரத்துவதில்லை. நுவரெலியா ரோட்டில் சீசன் நேரத்தில் ஒரு சொக்லேட்டுக்காக யாராவது வேனில் அடிபட்டால் என்ன ஆவது?

இன்னொன்று. எல்லோரும் முன்வாசலையே பார்க்கிறோம், பின்கதவை யார் பார்க்கிறார்கள்? கணக்கில் நிற்கிற பெட்டி லொறியிலிருந்து இறங்கியிருக்காது, கெஷியர் தன் சிநேகிதருடைய ரெண்டு சாமானை ஸ்கேன் பண்ணாமல் பையில் போடுவார், குப்பைக்குப் போகிற அட்டைப் பெட்டிக்குள் புதுச் சாமான் போகும். லொறி வந்தவுடன் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் வந்தபிறகு எங்கள் கடையில் கணக்கு நன்றாகவே நேரானது.

பண்டாரவளை, வாடிக்கையாளர்

நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். கிளினிக் முடிந்து டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனார். 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடி வைத்த பொலித்தீன் பைக்குக் கடையில் காசு எடுக்க வேண்டும் என்று வந்ததால் இப்போது எல்லோரும் வீட்டிலிருந்துதான் பை கொண்டு போகிறோம், அம்மாவும் துணிப்பை கொண்டு போனார். வெளியே வரும்போது வாசலில் நின்ற செக்கியுரிட்டி, "ஏய் அம்மா, பையைத் திற" என்றார். அம்மாவுக்கு முன்னால் போன நல்ல உடுப்புப் போட்ட ரெண்டு பேருடைய பையை அவர் தொடவில்லை. அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்திருக்கிறார்: கிளினிக் கொப்பி, மருந்துப் பொட்டலம், வெற்றிலைச் சுருள், பழைய சால்வை, ஒரு டின் மீன். டின் மீன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் வாங்கியது, பில் இல்லை. அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது.

நான் போய் கெமராவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அம்மா டின் மீன் இருக்கிற பக்கமே போகவில்லை. சொரி என்றார்கள். அம்மா அந்தப் பக்கம் இப்போது நடப்பதுகூட இல்லை.

கடைக்காரர்களே, பையைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லோருடைய பையையும் பாருங்கள், அல்லது உள்ளே போகும்போதே வாங்கி வைத்து டோக்கன் கொடுங்கள். அதில் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்து ஆள் என்று முகத்திலும் கையிலும் தெரிகிறவரை மட்டும் நிறுத்துவது களவைப் பிடிக்காது, ஏனென்றால் உங்கள் ஆள் அம்மாவின் பையைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தே கிடந்தது, அத்தனை பேர் வெளியே போனார்கள்.

பொகவந்தலாவை, தோட்டத்துக் கடை

பண்டாரவளைத் தங்கச்சி சொன்னது வலிக்கிறது, நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறியது நினைவிருக்கும். அப்போது தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, சம்பளம் 1,000 ரூபா, பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். அந்த நாட்களில் ஒரு பிள்ளை, கைக்குழந்தைக்காரி, பால்மா பக்கெட்டைச் சேலைக்குள் வைத்ததைப் பார்த்தேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சீனி நிறுக்கிற சாட்டில் பக்கத்தில் போய், "புள்ள, அதக் கொப்பியில எழுதிக்கிறேன், சம்பளத்துல குடு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று தவணையில் கொடுத்து முடித்தாள். கடன் கொப்பி வைத்திருக்கிற கடைக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது, பில் மெஷின் மட்டும் வைத்திருக்கிற கடைக்கு இல்லை.

ஆனால் பசியால் எடுப்பவரும் தொழிலாக எடுப்பவரும் ஒன்றில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ரெண்டு பேர் ஆட்டோவில் வருவார்கள். ஒருவர் பருப்பு ஒரு கிலோ, கொத்தமல்லி நூறு கிராம், இல்லை இல்லை இருநூறாகப் போடுங்கள் என்று நம்மைத் தராசிலேயே கட்டிப்போடுவார், மற்றவர் ராக்கையைத் துடைத்துவிடுவார். போகும்போது ஐயாயிரம் தாளைக் கொடுத்து மீதிக் காசில் குழப்பம் பண்ணுவது தனி. இவர்களுக்கு நான் இரக்கம் பார்ப்பதில்லை, ஆட்டோ நம்பரோடு பொலிஸில் முறைப்பாடு. பக்கத்துக் கடைகளுக்கும் உடனே போன் பண்ணிவிடுவேன். தனியாக நிற்கிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒருவருக்கு நிறுக்கும்போது ராக்கைக்கு முதுகு காட்டாத மாதிரி தராசைத் திருப்பி வையுங்கள்.

பதுளை, சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை

ரெண்டு பக்கத்துக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். தண்டனைச் சட்டக் கோவையின்படி களவுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது ரெண்டும். சட்டப்படி பார்த்தால் நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை நகர்த்தினாலே களவுதான், வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் எண்ணத்தை நிரூபிக்க வேண்டுமே. கூடைக்குப் பதிலாகப் பையில் போட்டேன், காசு கட்டத்தான் வந்தேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அதனால்தான் பில் மேசை தாண்டும் வரை பொறுக்கச் சொல்வது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில், கண்முன்னால் இப்படிப்பட்ட குற்றம் செய்தவரைப் பொலிஸ் அல்லாதவரும் பிடித்து வைக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். பின்னறையில் பூட்டி வைத்து விசாரிக்க, அடிக்க, உடுப்பைக் களையச் சொல்ல அதில் இடமே இல்லை. பொலிஸே ஒரு பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், கடைக்காரருக்கு மட்டும் எங்கிருந்து அதிகாரம் வரும்? 119க்கு அழையுங்கள், கெமராப் பதிவை அழியாமல் எடுத்து வையுங்கள், யார் எதைப் பார்த்தார் என்று அன்றைக்கே எழுதுங்கள். பொலிஸுக்குப் போகாமலிருக்க விலையைப் போல் பத்து மடங்கு கொடு என்று கேட்பது மிரட்டிப் பறிப்பதில் போய் முடியும்.

2023இல் பொரளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் சாமான் எடுத்ததாக ஒரு பெண்ணை ஊழியர்கள் அடித்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊழியர்களைத்தான் பொலிஸ் கைது செய்தது.

தலவாக்கலை, ஆசிரியை

பெரியவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துக் கடையில் நடப்பது வேறு. பிள்ளைகள் கும்பலாக நுழைவார்கள், ஒருவன் டொபி கேட்பான், இன்னொருவன் கை ராக்கைக்குப் போகும். அதற்குக் கடைக்கார ஐயா ஒருவர் செய்வது நல்ல வழி, ஒரு நேரத்தில் நாலு பிள்ளைகள்தான் உள்ளே, புத்தகப்பை வெளி வாங்கில்.

இன்னொரு கடையில் நடந்தது எனக்கு ஆறவில்லை. என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பேனையும் சொக்லேட்டும் எடுத்துவிட்டான். எடுத்தது பிழைதான். கடைக்காரர் அவனை யூனிஃபோர்மோடு நிறுத்தி, சொக்லேட்டைக் கையில் பிடிக்க வைத்துப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். முகம் தெரிகிறது, பள்ளிக்கூட டை தெரிகிறது. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான், அவன் தாய் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி ஊற்றினார். 2018இல் சட்டத்தைத் திருத்தியபிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்ததைக் குற்றமாகவே எடுக்க முடியாது, இவனுக்குப் பதினொன்று. பெற்றோரைக் கூப்பிட்டிருக்கலாம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பியிருக்கலாம், கடை பள்ளிக்கூட வாசலில்தான் இருக்கிறது. பிள்ளைகளை இப்படி நடத்துவதைக் கண்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம், நானும் முறையிட்டிருக்கிறேன்.

படம் இன்னும் பேஸ்புக்கில் கிடக்கிறது, பகிர்ந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். போட்டவரும் பகிர்ந்தவர்களும் தயவுசெய்து இன்றைக்கே அழித்துவிடுங்கள். திங்கட்கிழமை அவனைத் திரும்ப வகுப்புக்குக் கூட்டிவர அவன் தாயிடம் பேசியிருக்கிறேன்.