பிக்கப் ரேஸ் வரைவு: ரெண்டு பட்டையக் கழற்று, ஆனா எல்.எஸ்.பி.வி.யத் தொடாதேன்னா எப்படி வே?

பட்டைக்கட | ஞாயிறு காலை 7:42

‘குறைந்த செலவு பிக்கப் சர்க்யூட் ரேஸ் – வாகன விதி வரைவு’ன்னு ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துது. படிக்காதவங்களுக்குச் சுருக்கமா: பழைய பொலேரோ பிக்கப், 2523 சிசி டீசல், எஞ்சினும் பம்பும் சீல், பின் பெட்டி காலி, உருண்டா ஆளக் காக்குத பைப் கூண்டு, பக்கெட் சீட், எல்லாருக்கும் ஒரே டயர். கோவை கரி டிராக்குலயும் இருங்காட்டுக்கோட்டையிலயும் ஓட்டணுமாம். அது வரைக்கும் கொள்ளாம்.

பொறவு வருது பாருங்க. விதி 7: ‘பின்புறம் பக்கத்துக்கு இரண்டு பட்டை வரை கழற்றலாம். லோயரிங் பிளாக் 50 மி.மீ. வரை.’ விதி 11: ‘பிரேக் அமைப்பு முழுவதும் கம்பெனி நிலையில் இருக்க வேண்டும். எல்.எஸ்.பி.வி. வால்வு, கம்பி, பிராக்கெட் எதையும் மாற்றக்கூடாது.’ (பட்டைன்னா பின்னால உள்ள லீஃப் ஸ்பிரிங் தகடு. லோயரிங் பிளாக்னா வண்டியத் தாழ்த்த வைக்குத கட்டை. எல்.எஸ்.பி.வி.ன்னா லோடுக்குத் தக்க பின் பிரேக் அழுத்தத்த மாத்துத வால்வு.)

ஏழையும் பதினொண்ணையும் எழுதினது ஒரே ஆளாக்கும்? வேட்டிய மடிச்சுக் கட்டச் சொல்லிட்டு முட்டு தெரியப்படாதுன்னு சொல்லுத மாதிரி இருக்கு. அந்த வால்வு சேசிஸ்ல (அடிச்சட்டத்துல) இருக்கு, அதோட கம்பி ஆக்சில்ல (சக்கர அச்சுல) இருக்கு. லோடு ஏறினா சேசிஸ் தாழும், கம்பி நெம்பும், பின் டிரம்முக்கு அழுத்தம் கூடும். பட்டையக் கழற்றி 50 மில்லி இறக்கினா பெட்டியில ஒண்ணும் இல்லாமலே சேசிஸ் தாழ்ந்து கெடக்கும். வால்வுக்கு கண்ணு கெடையாது வே. ஒரு டன் ஏத்தியாச்சுன்னு நெனச்சு முழு அழுத்தத்தையும் பின்னால அனுப்பும். ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு பிரேக்க மிதிச்சா காலி பெட்டி தூக்கும், பின் சக்கரம் லாக் ஆவும், வண்டி வந்த வழியப் பாத்து நிக்கும். எழுதினவருக்கு இது தெரியுமா தெரியாதா?

வேப்பமூடு_விதி | காலை 8:30

வரைவை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஏளனம் செய்யும் முன் நோக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இது தொடக்கநிலைத் தொடர். பிரேக்கைத் திறந்துவிட்டால் முதல் வருடமே காசுள்ளவர் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் மாட்டுவார், கேபினுக்குள் திருகு வைத்த வால்வு போடுவார். விதி 11 அதைத் தடுக்கத்தான். ‘அனுமதி என்று எழுதாதது எல்லாம் தடை’ என்பதுதான் உலகம் முழுக்கப் பெரும்பாலான ரேஸ் விதிகளைப் படிக்கும் முறை.

மேலும் விதி 7 சொல்வது அடியில் இருக்கும், பாரம் ஏறினால் மட்டும் உதவும் ஹெல்பர் பட்டைகளை. காலி வண்டியில் அவை மேல் செட்டைத் தொடுவதே இல்லை. அவற்றைக் கழற்றினால் உயரம் ஒரு மில்லி கூட மாறாது. பட்டைத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டைக்கட | காலை 8:41

ஹெல்பர்னு எங்க எழுதியிருக்கு? ‘இரண்டு பட்டை’ன்னுதான் இருக்கு. எந்தப் பட்டை? மேல இருந்து ரெண்டாம் பட்டையா? அது மெயின் பட்டையோட கண்ண (முனை வளையத்த) சுத்தி வருத பட்டையாக்கும். மெயின் ஒடிஞ்சா ஆக்சிலப் பிடிச்சு நிறுத்துதது அதுதான். உம்ம விதிப்படி ஒருத்தன் அதக் கழற்றிட்டு வந்து நின்னா நீரு எந்த வரியக் காட்டித் தடுப்பீரு?

செரி, ஹெல்பர்னே வைப்போம். 50 மில்லி பிளாக்குக்கு அனுமதி குடுத்தது ஆரு? பிளாக் போட்டாலும் சேசிஸ் தாழத்தான செய்யும். வால்வு தொடப்படாதாம். ஏழு, பதினொண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படியும்.

அஞ்சுகிராமம்88 | காலை 9:05

அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். பிக்கப்னு சொன்னா பானட் உள்ளது மட்டுமா? ஏஸ், தோஸ்த், சூப்பர் கேரி மாதிரி சின்ன லோடு வண்டி எல்லாம் சேருமா? வரைவுல ஒரு எடத்துல ‘பொலேரோ’, இன்னொரு எடத்துல ‘இலகு சரக்கு வாகனம்’னு கெடக்கு. மொதல்ல அதச் சொன்னா மத்தது பேசலாம்.

தக்கலை_டீசல் | காலை 9:20

இதுக்குப் போய் இவ்வளவு சத்தமா. வால்வு லீவரை காலி வண்டி நிலையில வச்சு ஒரு கம்பியால இறுக்கிக் கட்டினா தீந்துது. பின் பிரேக் கொஞ்சம் கொறையும், முன் பேடு சீக்கிரம் தேயும். அவ்வளவுதான். வண்டி சுத்தாது.

பட்டைக்கட | காலை 9:26

கட்டுக்கம்பியா? தக்கலைக்காரங்க கட்டுக்கம்பியிலயே காலம் தள்ளுவாங்கன்னு தெரியும், ரேஸ் வண்டியிலயுமா? டீசல் எஞ்சின் அதிர்வுல கம்பி பத்து சுத்துல அறும். அறுந்தா லீவர் எங்க போய் நிக்கும்னு வால்வுக்கு வால்வு மாறும். சிலதுல அழுத்தம் கொறையும், சிலதுல முழுசா பின்னால போவும். எந்த வண்டியில எதுன்னு பந்தயத்துக்கு நடுவுல கண்டுபிடிப்பீராக்கும்.

ஒழுங்கா செய்யணும்னா வண்டி எத்தன மில்லி எறங்குச்சோ ஆக்சில் பக்க பிராக்கெட்டயும் அத்தன மில்லி எறக்கணும். டிரைவர் சீட்டுல ஆள், டேங்க்ல பாதி டீசல், ஸ்டெப்னி இல்ல, நாலு டயர்லயும் ஒரே காத்து. இந்த நெலையில வச்சு கம்பி நீளத்த அளந்து பூட்டணும். பொறவு நட்டுல பெயின்ட் கோடு, ஈய சீல். ஒரு பிளேட்டும் ரெண்டு போல்ட்டும்தான் செலவு. இதுலயா காசுக்காரன் ஜெயிச்சுருவான்?

வேப்பமூடு_விதி | காலை 10:02

அப்படி ஒவ்வொருவரும் அளந்து மாற்ற ஆரம்பித்தால் சோதனை அதிகாரி எதை வைத்துச் சரிபார்ப்பார்? கம்பெனி நிலை என்றால் அளவு ஒன்று. மாற்றலாம் என்றால் அளவு இருபது.

பட்டைக்கட | காலை 10:10

அழுத்தம் காட்டுத கேஜ் ரெண்டு போதும் வே. முன் டிஸ்க் காலிபர் பிளீடர்ல (காத்து எடுக்குத திருகுல) ஒண்ணு, பின் வீல் சிலிண்டர் பிளீடர்ல ஒண்ணு. பெடல மிதிச்சு முன்னால 70 பார் வரும்போது பின்னால 35-க்கு மேல காட்டப்படாதுன்னு எழுதும். வண்டி தரையில நிக்கணும், ஜாக்கியில தொங்கப்படாது. அஞ்சு நிமிசம். கம்பி நீளமும் வேண்டாம், கம்பெனி நெலையும் வேண்டாம்.

தக்கலை_டீசல் | காலை 10:15

35 எங்கேருந்து வந்துது? கனவுலயா? பின் வீல் சிலிண்டர் அளவு, டிரம் அளவு, லைனிங் எல்லாம் பாத்துதான் அந்த நம்பர் வரும். மில்லி கணக்கு பேசுதவரு இதுல மட்டும் கை போன போக்குல எழுதுதாரு.

பட்டைக்கட | காலை 10:18

ஒரு உதாரணத்துக்குச் சொன்னது வே அது. ஒரு புது வண்டிய நிறுத்தி அளந்து அந்த நம்பரப் போடச் சொல்லும். கட்டுக்கம்பிக்கு இது எவ்வளவோ தேவல.

குளச்சல்_காத்து | காலை 11:37

எல்லாரும் வால்வு வேலை செய்யும்னு நெனச்சுப் பேசுதியளே, அதுதான் சிரிப்பா வருது. இங்க கொறஞ்ச வெலைக்குக் கிடைக்கும் பிக்கப் எல்லாம் சின்னமுட்டத்துலயும் தேங்காப்பட்டணத்துலயும் மீன் ஏத்தின வண்டி. ஐஸ் உருகுன உப்புவெள்ளம் நேரா வால்வு மேலதான் விழும். லீவர் துருப்பிடிச்சு இறுகி ஒரே எடத்துல நிக்கும். ‘கம்பெனி நிலை’ன்னா துருவையும் சேத்தா?

பட்டைக்கட | காலை 11:44

மீன் வண்டிய வாங்கச் சொன்னது ஆரு? வால்வ விடும், பின் ஷாக்கிள் ஹேங்கர் (பட்டை மாட்டுத தாங்கி) ரிவெட் அடிச்ச எடத்துல சேசிஸ் வெளிய நல்லா இருக்கும், உள்ள செதில் செதிலா வரும். சுத்தியல் வச்சுத் தட்டினா கணீர்னு கேக்காது, பொத்துனு கேக்கும். அதுல கூண்டு வெல்ட் பண்ணினா வெல்ட் நிக்கும், பக்கத்து தகடு கிழியும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் ஏத்தின வண்டி வாங்கும். பட்டை செத்திருக்கும், சேசிஸ் நல்லா இருக்கும்.

குளச்சல்_காத்து | காலை 11:52

ரப்பர் வண்டியெல்லாம் மலை ரோட்டுல ரெண்டாம் கியர்ல கத்தி கத்தி ஓடினது. கிளட்சும் கிரவுன் பினியனும் (பின் ஆக்சில் பல்சக்கரம்) தேஞ்சு போயிருக்கும். மேற்க உள்ளவங்களுக்கு அவங்க ஊரு வண்டி மட்டும் தங்கம், கடலோரத்து வண்டி குப்பை. இது பழைய பாட்டு, கேட்டுக் கேட்டு காது புளிச்சாச்சு.

பட்டைக்கட | காலை 11:55

கிரவுன் பினியன மாத்தலாம். சேசிஸ மாத்தினா அது வேற வண்டி. ஆர்.சி.யில உள்ள நம்பரே சேசிஸ்ல அடிச்சதாக்கும்.

சென்னைவாசி_குமரி | மதியம் 12:30

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்துவிட்டு எழுதலாமே. ஆஸ்திரேலியாவில் 2018-ல் டீசல் பிக்கப்புகளை வைத்து சூப்பர்யூட் தொடரை ஆரம்பித்தார்கள். 2021-ல் எல்லா வண்டிக்கும் 6.2 லிட்டர் எல்.எஸ்.3 வி8 பெட்ரோல் எஞ்சின் வந்துவிட்டது. பிரிட்டனில் 1997-ல் ஆரம்பித்த பிக்கப் ரேஸில் அடியில் குழாய்ச் சட்டம், மேலே பிக்கப் வடிவ ஓடு. டீசலும் பட்டையும் வைத்துக்கொண்டு ரேஸ் என்பதே தவறான தொடக்கம். நம் நாட்டிலேயே 2014-ல் புத் சர்க்யூட்டில் டாடா பிரைமா ஓடியதே.

பட்டைக்கட | மதியம் 12:38

பிரைமா லாரி. காத்து பிரேக். பிரிட்டன் வண்டியில சேசிஸே வேற. இங்க விதி 7-ம் 11-ம் பத்திப் பேச்சு. வி8 வாங்க காசிருந்தா ‘குறைந்த செலவு’ன்னு ஏன் வே தலைப்பு?

ஆரல்வாய்_கூண்டு | மதியம் 1:15

வால்வையே பிடிச்சுத் தொங்குதிய. விதி 4 படிச்சியளா? ‘கூண்டு 1.5 அங்குல பைப்’னு ஒரே வரி. என்ன பைப்? கனம் என்ன? உலக மோட்டார் ரேஸ் அமைப்பு எஃப்.ஐ.ஏ.யோட பின்னிணைப்பு ஜே 253-ல டிரைவருக்குப் பின்னால வருத மெயின் வளைவுக்கு விட்டம் 45-க்கு கனம் 2.5 இல்லன்னா 50-க்கு 2.0 மி.மீ., மத்த குழாய்க்கு 38-க்கு 2.5 இல்லன்னா 40-க்கு 2.0. குளிர்முறையில இழுத்த, தையல் இல்லாத கார்பன் ஸ்டீல், இழுவிசை சதுர மி.மீ.க்கு 350 நியூட்டனுக்குக் கொறையப்படாது. 1.5 அங்குலம்னா 38 மில்லி. மெயின் வளைவுக்கே பத்தாது. கடையில ‘கூண்டுக்கு பைப்’னு கேட்டா ஜி.ஐ. பைப்ப நீட்டுவான். துத்தநாகத்து மேல வெல்ட் அடிச்சா வெல்ட் பலமா நிக்காது.

அதவிடப் பெருசு: பிக்கப் கேபின் ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு. கூண்டக் கேபின் தரையில மட்டும் பூட்டினா, உருளும்போது கேபினும் கூண்டும் சேந்து சேசிஸ விட்டுக் கழன்றுபோவும். கால சேசிஸ் வரைக்கும் எறக்கினா ரப்பர் ஆடுத ஆட்டத்துல தரைத் தகடு கீறும். அதனால கேபின் புஷ்ஷ எடுத்துட்டு அலுமினியம் திண்டு போடணும். வரைவுல இதப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

பட்டைக்கட | மதியம் 1:21

கூண்டு சொன்னது செரி, அது பொறவு. வண்டி நேரா நின்னா கூண்டுக்கு வேல இல்ல. பின் சக்கரம் லாக் ஆவுதது எதனால? ஏழும் பதினொண்ணும்.

ஆரல்வாய்_கூண்டு | மதியம் 1:23

கூண்டுக்கு வேல இல்லன்னு சொல்லுதவரு கையில விதி எழுதக் குடுத்தா வெளங்கும்.

வேப்பமூடு_விதி | மதியம் 2:40

இரண்டு நாளில் திருத்தப்பட்ட வரைவு வரும். விதி 7-ல் ‘ஹெல்பர்’ என்ற சொல் சேர்க்கப்படும். விதி 11-ல் மாற்றம் இல்லை. பெட்டியில் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 100 கிலோ பாரம் கட்டாயம் என்று 11-அ சேர்க்கலாம். பின் சக்கரத்தில் எடை இருந்தால் லாக் ஆகாது. பட்டைக்கட அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும் என நம்புகிறேன்.

பட்டைக்கட | மதியம் 2:44

திருப்தியா! 100 கிலோ ஏத்தினா சேசிஸ் இன்னும் தாழும். வால்வு பின்னால இன்னும் அழுத்தம் குடுக்கும். கூட பாரமும் தள்ளும். அந்த 100 கிலோவ எதுல கட்டுவிய, மண்மூட்டையா? பெட்டித் தகட்டுல போல்ட் போட்டா இடிக்கும்போது தகட்டப் பிச்சுட்டு கேபினுக்கு வரும். இரும்புப் பிளேட்டா வெட்டி சேசிஸ் குறுக்குச் சட்டத்துல பூட்டணும். அதையும் எழுதும்.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. பட்டை கொறஞ்சா செட்டோட உயரம் கொறையும், பட்டையையும் ஆக்சிலையும் சேத்துக் கட்டுத பழைய யூ போல்ட்டுல மரை முடிஞ்சு நட்டு முட்டும். இறுகின மாதிரி தெரியும், இறுகியிருக்காது. பொறவு ஆக்சில நகராமப் பிடிக்குத வேல முழுசும் பட்டை நடுவுல உள்ள சென்டர் போல்ட்டுக்கு. அது வெட்டுப்பட்டா ஆக்சில் ஒரு பக்கம் பின்னால போவும். கழற்றின யூ போல்ட்டத் திரும்பப் போடப்படாது, புதுசு, நீளம் பாத்து. மொத 50 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி நட்ட அளவு பாத்து இறுக்கணும் (டார்க் பிடிக்கணும்). விதி 7-ல இது எங்க?

தக்கலை_டீசல் | மதியம் 2:58

பிரேக் பிளீட் (லைன்ல காத்து எடுக்குத வேல) பண்ணுததப் பத்தியும் ஒரு வகுப்பு எடும், குறையா கெடக்கு.

பட்டைக்கட | மதியம் 3:03

எடுக்குதேன். சேசிஸ ஜாக்கியில தூக்கி ஆக்சில தொங்கவிட்டு பிளீட் பண்ணினா வால்வு மூடிக் கெடக்கும், பின் லைன்ல காத்து போவாது. ஸ்டாண்ட ஆக்சிலுக்கு அடியில வைக்கணும். உங்க கடைப் பக்கம் அப்படித்தான் தொங்கவிட்டுப் பண்ணுதாங்கன்னு கேள்வி.

தக்கலை_டீசல் | மதியம் 3:05

எங்க கடைப் பக்கத்தப் பத்திப் பேச உமக்கு என்ன வே யோக்கியதை? பட்டை அடிக்குத ஆளுக்கு ஹைட்ராலிக் எதுக்கு? பிரேக் ஆயில்ல டாட் 3-க்கும் டாட் 4-க்கும் வித்தியாசம் தெரியுமா மொதல்ல?

பட்டைக்கட | மதியம் 3:07

புது டாட் 3 கொறஞ்சது 205 டிகிரியில கொதிக்கும், டாட் 4 230. ஈரம் ஏறினா 140, 155. போதுமா? இப்பம் விதி 11-க்கு வாரும்.

குளச்சல்_காத்து | மதியம் 3:30

கோவைக்கு வண்டியக் கொண்டுபோவ லாரி வாடகை ஆரு குடுப்பா? கூண்டு அடிச்ச வண்டிய ரோட்டுல ஓட்ட முடியாது. நம்ம குமரி மாவட்டத்துல டிராக் இல்ல. வால்வப் பேசியே ஒரு நாள் போச்சு.

சென்னைவாசி_குமரி | மாலை 4:12

அதற்குத்தான் சொன்னேன், பெட்ரோல்...

பட்டைக்கட | மாலை 4:13

பெட்ரோல் வண்டியிலயும் எல்.எஸ்.பி.வி. உண்டு.

அஞ்சுகிராமம்88 | மாலை 4:40

அப்பம் சூப்பர் கேரி சேருமா?

வேப்பமூடு_விதி | மாலை 5:05

விதி 11 அப்படியே இருக்கும். பிரேக்கைத் தொட வேண்டும் என்பவர்கள் தனிப் பிரிவு தொடங்கிக்கொள்ளலாம்.

பட்டைக்கட | மாலை 5:06

தனிப் பிரிவு எதுக்கு, தனியா ஒரு வரைவே வருது. அதுல பிளாக்கே கெடையாது, பின் உயரம் கம்பெனி உயரம், வீல் ஆர்ச்ல இருந்து ஹப் நடுப்புள்ளி வரைக்கும் அளவு. அப்பம் உம்ம விதி 11-யும் வச்சுக்கலாம். உயரம்தான் வே விசயம், காலையில இருந்து அதத்தான் சொல்லுதேன்.

தக்கலை_டீசல் | மாலை 5:09

காலையில பிராக்கெட்ட எறக்கச் சொன்னீரு, பொறவு கேஜ் வைக்கச் சொன்னீரு, இப்பம் எறக்கவே வேண்டாம்னு சொல்லுதீரு. மூணுல எது?

பட்டைக்கட | மாலை 5:10

மூணும் செரி. கட்டுக்கம்பி மட்டும் தப்பு.