தாங்கிக்கொண்டே சேமிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, மேல்நிலை மாணவர்களுக்கான துணைப்பாட நூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாவரத் தண்டையும் விமான இறக்கையையும் ஒப்பிடும் இயலில் 'ஸ்ட்ரக்சுரல் ஸ்டோரேஜ்' 17 இடங்களில் வருகிறது. சுமை தாங்கும் உறுப்பே சேமிப்பிடமாகவும் இருப்பது என்று பொருள். 'கட்டமைப்புச் சேமிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். பாலம் கட்டப் பணம் சேர்ப்பதைப் போல ஒலிக்கிறது. உதவுங்கள்.

தமிழாசிரியர்:
ஐயா, வேர் நம்மிடமே இருக்கிறது. 'புறக்காழனவே புல்லென மொழிப', 'அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பிய மரபியல். காழ் என்றால் வயிரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி. பனைக்கு வயிரம் வெளிப்புறத்தில். ஆகவே அது புல். அதன் மென்மையான உள்ளீட்டுக்குப் பெயர் சோறு. உண்பதும் சோறு, தண்டின் உள்ளே இருப்பதும் சோறு! சோற்றுக்கற்றாழையில் அந்தப் பொருள் இன்றும் வாழ்கிறது. காழ் தாங்குகிறது, சோறு சேர்த்து வைக்கிறது. இரண்டையும் இணைத்துக் 'காழ்சோறு' என்போம். உம்மைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. 'சேமிப்பு' மட்டும் வேண்டாம். அது வடமொழி க்ஷேமத்தின் வழி வந்தது.

பொறியாளர்:
ஐயா, பனையைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புதிது, மகிழ்ச்சி. ஆனால் 'இறக்கையின் காழ்சோறு' என்று நான் எழுதினால் எந்த மாணவருக்கும் புரியாது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இறக்கையின் சட்டகத்தையே கசியாமல் அடைத்து எரிபொருள் தொட்டியாக்குகிறார்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. எரிபொருளின் எடை அந்த வளைவைக் குறைக்கிறது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் கார்பன் இழையாலேயே மின்கலம் செய்திருக்கிறார்கள். 2021இல் கிலோவுக்கு 24 வாட்-மணி ஆற்றலும் 25 கிகாபாஸ்கல் விறைப்பும் கிடைத்தன. 2024இல் அவை 30, 70 ஆயின. அலுமினியத்தின் விறைப்பே ஏறக்குறைய 70தான். இதற்கெல்லாம் 'தாங்குகலம்' போதும். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'தாங்குமின்கலம்' என்று நீட்டவும் செய்யலாம்.

தமிழாசிரியர்:
கலம் ஒரு பொருள். நூலில் கேட்பது ஒரு பண்பை. பொருளின் பெயரைப் பண்புக்கு வைக்கலாகாது.

தாவரவியல் ஆசிரியை:
இருவரும் பொறுக்க வேண்டும். ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செயல்களை அடைக்கிறோம் என்பதுதான் என் கவலை. பொறியாளர் சொன்ன மின்கலத்தில் தாங்குவதே சேமிக்கிறது. பெருக்கமரத்தில் (பாவோபாப்) இது தலைகீழ். அதன் கட்டை மிக மென்மையானது; செல்களில் நிறைந்த நீர்தான் அந்தப் பருத்த அடிமரத்துக்கு விறைப்புத் தருகிறது. சேமித்ததே தாங்குகிறது! 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னை ஏற்றிச் சென்ற அட்லஸ் ராக்கெட்டும் இந்த வகைதான்: தொட்டியின் எஃகுத் தகடு அத்தனை மெல்லியது, உள்ளழுத்தம் போனால் தன் எடையாலேயே நசுங்கிவிடும். மூன்றாவது, சாதாரண மரம். அங்கே நார்கள் தாங்க, பக்கத்துச் செல்கள் மாவுப்பொருளைச் சேமிக்கின்றன. வெறும் வேலைப் பங்கீடு. 'தாங்குகலம்' முதல் வகைக்கு மட்டுமே சரி.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல். காழுக்கு எதிர்ச்சொல்லாக வெளிறு, அதாவது வயிரம் பாயாத வெளிக்கட்டை, என்பதும் உண்டல்லவா? 503ஆம் குறளில் வெளிறு அறியாமையைக் குறிக்கிறது. மரத்திலோ உயிருள்ள செல்களும், மேலேறும் நீரும், மாவுப்பொருளின் பெரும்பகுதியும் வெளிற்றில்தான். காழில் உயிர்ச்செல்லே கிடையாது. சேமிப்பைப் பற்றிப் பேசும் இயலில் காழை மட்டும் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தனிமடலில் எழுதிய நால்வரில் மூவர் 'தாங்குசேமிப்பு' என்றார்கள். அதையே 17 இடங்களிலும் இட்டுவிட்டேன். மூன்று வகை வேறுபாட்டை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன், அம்மா.

தாவரவியல் ஆசிரியை:
அடிக்குறிப்பை மாணவர்கள் படிக்க மாட்டார்கள். முதல் பத்தியிலேயே வர வேண்டும். இன்னும் நேரம் இருந்தால் மாற்றுங்கள்.

தமிழாசிரியர்:
'தாங்குசேமிப்பு' எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அம்மா சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மரத்தைப் பற்றிய பக்கத்திலாவது வைரக்கட்டை, சாற்றுக்கட்டை என்பவற்றை நீக்கிக் காழ், வெளிறு என்று போடுங்கள். இரண்டு சொற்கள்தான், பக்கம் புரளாது.