மொட்டை மாடியில் இருட்டுப் படம்: புரொஜெக்டரும் படுதாவும் தேவை

வியாசர்பாடி, பெரம்பூர் மக்களே, எங்கள் ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்கு மாடியில் ஹாரி பாட்டர் மூன்றாம் பாகம் (2004) போடுகிறோம். முதல் இரண்டையும் கிறிஸ் கொலம்பஸ் பளிச்சென்று எடுத்திருந்தார். இதில் அல்ஃபோன்சோ குவாரோன் நிறத்தையே வடித்துவிட்டார். அழகுதான். ஆனால் தெருவிளக்கு திரையில் விழுந்தால் கருப்பு சாம்பலாகி, கருப்பு அங்கியில் பேய் மாதிரி வரும் டிமென்டர்களே தெரியமாட்டார்கள். பிரைட்னஸை ஏற்றினால் இன்னும் வெளுக்கும், காமாவை (நிழல் பகுதி எவ்வளவு இருட்டாகத் தெரியணும் என்பதை மாற்றும் செட்டிங்) 2.2-லிருந்து 2.0-க்கு இறக்கினால்தான் நிழலில் இருப்பது துலங்கும். திரை அகலத்தை 12 அடியிலிருந்து 8 அடியாக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும்.

ஒரு ராத்திரிக்கு 3000 லூமன் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர், தெருப்பக்கம் கட்ட 20 அடி கருப்புப் படுதா யாரிடமாவது இருக்கிறதா? ரயிலில் டிமென்டர் வரும் காட்சியை ஆறு வயசுப் பிள்ளைகள் தாங்குவார்களா? வீட்டில் போட்டுக் காட்டியவர்கள் சொல்லுங்கள்.