ஆறு சக்கர மோட்டார்ஹோம்: டயர் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பயணி225:

வணக்கம் நண்பர்களே. முன்னால் 2, பின்னால் இரட்டையாக 4 என ஆறு சக்கரம் உள்ள, வீடு போல வசதி செய்த மோட்டார்ஹோம் வண்டி. இப்போது இருப்பது எல்டி225/75ஆர்16 (எல்டி என்றால் இலகு டிரக் வகை), லோட் ரேஞ்ச் ஈ, லோட் எண் 115/112. சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) உள்ள தேதி எண் 2317. பட்டன் (தரையில் பதியும் வரிப்பள்ளங்களின் ஆழம்) இன்னும் 8 மி.மீ. இருக்கிறது, ஆனால் சைடுவாலில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடுகின்றன.

கதவோர ஸ்டிக்கரில் முன் ஆக்ஸில் வரம்பு 2,080 கிலோ, பின் ஆக்ஸில் வரம்பு 4,280 கிலோ, காற்று முன்னால் 75, பின்னால் 80 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. எடைமேடையில் முன் ஆக்ஸில் 1,780, பின் ஆக்ஸில் 4,080 கிலோ காட்டியது. அப்போது 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் பாதிதான் தண்ணீர்.

பட்டன் இவ்வளவு இருக்கும்போது மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் அதே அளவா, இல்லை 235/85 போல கொஞ்சம் பெரிதாகப் போகலாமா? "எஸ்டி டயரில் அதிக எடை தாங்கும், அதையே போடுங்கள்" என்று கடையில் சொல்கிறார்கள், அது சரியா?

ரப்பர்பால்:

மாற்றுங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. மோட்டார்ஹோம் டயர் பட்டன் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் ஓசோன் தடுப்புப் பொருளும் டயர் உருண்டு வளைந்து நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு வந்து காப்பாற்றும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் அது நடக்காது. தினமும் ஓடும் சரக்கு வண்டியின் டயரைவிட இது சீக்கிரம் வெடிப்பு விடுவது அதனால்தான்.

வெடிப்பின் ஆழம் 0.8 மி.மீ.க்குள் இருந்தால் ஓட்டலாம். 0.8 முதல் 1.6 வரை என்றால் டயர் தெரிந்தவர் கழற்றி உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும். 1.6 தாண்டினால் அன்றே கழற்றணும். புடைப்பு ஏதாவது தெரிந்தால் ஆழம் அளக்கும் வேலையே இல்லை, தூக்கிப் போடுங்கள். வெடிப்பே இல்லாவிட்டாலும் 5 வருடம் ஆனபின் ஆண்டுதோறும் பரிசோதனை, 10 வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றம் என்பது டயர் நிறுவனங்கள் சொல்லும் உச்ச வரம்பு. நிறுத்தி வைத்தே பழகிய வண்டிக்கு 7 வருடத்தோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை.

ஆறையும் தனித்தனியாகப் பாருங்கள். முழுத் தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். இரட்டை டயரில் அது உள்பக்கம் திரும்பியிருந்தால் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு போய்த்தான் படிக்க முடியும். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்டெப்னிக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எடைமேடை:

எடை போட்டுவிட்டு வந்து கேட்டதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. ஆனால் ஆக்ஸில் எடை போதாது, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என ஒவ்வொரு முனையின் எடையும் வேண்டும். சமையல் மேடை, ஃபிரிட்ஜ், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பக்கமாக அமைந்த வண்டிகள் நிறைய.

உங்கள் டயரின் கணக்கு இது. 115 என்றால் ஒற்றையாக 1,215 கிலோ, 112 என்றால் இரட்டையில் ஒவ்வொன்றும் 1,120 கிலோ. இரண்டுமே 80 பிஎஸ்ஐ காற்றில். பின்னால் நான்குக்கும் சேர்த்து 4,480. ஆக்ஸில் வரம்பு 4,280. அதாவது வண்டி நிறுவனமே விட்டு வைத்த இடைவெளி வெறும் 200 கிலோ. இடது வலது சமமாக இல்லாவிட்டால் அது போன இடம் தெரியாது.

இரட்டையில் ஏன் தாங்கும் எடை குறைகிறது என்று பலர் கேட்பார்கள். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் இரண்டு டயரும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை. அதோடு நடுவில் காற்றோட்டம் குறைவு, சூடு தங்கும்.

தொட்டி நிறைய தண்ணீர், முழு எரிபொருள், சமையல் வாயு, ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றி, முன்னும் பின்னும் தனித்தனியாக, இடது சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி ஒரு முறை, வலது சக்கரங்களுக்கு ஒரு முறை போடுங்கள். வண்டி சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் எண் பொய் சொல்லும்.

பயணி225:

போட்டுப் பார்த்தேன். தொட்டி முழுக்க நிரப்பி: முன் இடது 900, முன் வலது 860, பின் இடது 2,230, பின் வலது 1,950.

எடைமேடை:

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பாதித் தொட்டி என்றால் 75 கிலோதான் கூடியிருக்க வேண்டும். ஆனால் பின் ஆக்ஸில் 4,080-இலிருந்து 4,180 ஆகி, முன் ஆக்ஸில் 1,780-இலிருந்து 1,760 ஆகிக் குறைந்திருக்கிறது. உங்கள் தொட்டி பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருக்கிறது. ஏற்றமரம் போலத்தான், பின்னால் வைக்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கி, வைத்ததைவிட அதிகமாகப் பின் டயரில் இறக்கும். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டுபவர்களும் இதை மனதில் வைக்கணும்.

பின் இடது 2,230-ஐ இரண்டால் வகுத்தால் டயருக்கு 1,115. வரம்பு 1,120. மிச்சம் 5 கிலோ! ஆக்ஸில் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 4,480-க்கு 4,180, "300 கிலோ இடம் இருக்கிறது" என்று நிம்மதியாகப் போயிருப்பீர்கள்.

இரண்டு வேலை செய்யுங்கள். இடப்பக்கத்திலிருந்து நகர்த்த முடிந்ததை எல்லாம் வலப்பக்கம் கொண்டுபோங்கள். கருவிப் பெட்டியும் கூடுதல் பேட்டரியும்தான் எளிதில் நகரும். பக்கத்துக்கு 2,090 என்று சமமாகிவிட்டால் டயருக்கு 1,045, மிச்சம் ஏறக்குறைய 7 சதவீதம். அதுவும் குறைவுதான், 15 சதவீதமாவது மிச்சம் இருப்பது நல்லது.

ஆகவே இரண்டாவது வேலை, டயரைத் தேர்ந்தெடுப்பது. 225/75ஆர்16 என்ற இதே அளவில் முன்னால் எல்டி இல்லாமல், கடைசியில் 'சி' (வணிக வேன் வகை) சேர்த்து 225/75ஆர்16சி என்று 121/120 லோட் எண்ணில் வருகிறது. ஒற்றையாக 1,450, இரட்டையில் 1,400 கிலோ. விட்டம் அதேதான், சுமார் 744 மி.மீ., ஸ்பீடோமீட்டர் மாறாது. பின்னால் 1,115-க்கு 1,400 என்றால் 20 சதவீதம் கையில் இருக்கும்.

வாங்கும் முன் இரண்டு நிபந்தனை. ரிம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையையும் காற்றழுத்தத்தையும் படியுங்கள், டயர் எவ்வளவு தாங்கினாலும் ரிம் எண்ணைத் தாண்டக் கூடாது. அந்த டயர் நிறுவனத்தின் எடை–அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எல்டி அட்டவணையை சி டயருக்கு வைத்துக் காற்று பிடிக்கக் கூடாது, இரண்டும் வேறு கணக்கு. ஆக்ஸில் வரம்பு 4,280 என்பதும் அப்படியேதான் இருக்கும். வலுவான டயர் போட்டதால் சாமான் ஏற்ற உரிமை கூடிவிடாது.

வெளிச்சக்கரம்:

235/85ஆர்16 வேண்டாம். விட்டம் சுமார் 806 மி.மீ., அதாவது 8 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 90 காட்டும்போது வண்டி 97-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், மேட்டில் கியர் இழுவை குறையும், சக்கர வளைவில் உரசலாம். இதைவிட முக்கியம், அகலம் கூடுவதால் உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் இடைவெளி குறையும். எடை ஏறும்போது டயரின் அடிப்பாகம் புடைக்கும். நிற்கும்போது விரல் நுழையும் இடைவெளி ஓடும்போது இருக்காது. சைடுவால் இரண்டும் உரசினால் சூடேறி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அறுந்துவிடும். டயர் நிறுவனம் தரும் குறைந்தபட்ச இரட்டை இடைவெளி என்பது இரு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையேயான தூரம். உங்கள் ரிம் அதைத் தருகிறதா என்று அளந்த பிறகே அளவு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எஸ்டி டயர் இழுவை டிரெய்லருக்கு மட்டும். ஸ்டியரிங்கில் திரும்புவதற்கும் எஞ்சின் இழுப்பதற்கும் அது செய்யப்பட்டதில்லை. சொன்ன கடையில் ஆறு டயரும் வாங்க வேண்டாம்.

இரட்டை ஜோடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே தேய்மானம். விட்டத்தில் 6 மி.மீ., சுற்றளவில் 19 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் போகக் கூடாது. பெரியது எடையைச் சுமக்கும், சின்னது சாலையில் இழுபட்டுத் தேயும். ஆறும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் முதலில் முன் இரண்டு, பிறகு பின் நான்கும் ஒன்றாக. ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதற்குப் பதில் கொஞ்ச நாள் வண்டியை நிறுத்தி வைக்கலாம்.

ஒற்றைச்சக்கரம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வண்டி பின்னாலும் ஒற்றை டயர்தான், பின் ஆக்ஸில் வரம்பு 2,500 கிலோ. 225/75ஆர்16சி 121/120 இருக்கிறது. கேம்பருக்கென்றே வரும் சிபி டயருக்கு மாறலாமா?

எடைமேடை:

தாராளமாக, ஆனால் எண்ணைப் பார்த்து. சிபி என்றாலே அதிக எடை தாங்கும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இதே அளவில் சிபி 116 என்றால் டயருக்கு 1,250, இரண்டுக்கு 2,500, உங்கள் வரம்போடு முட்டி நிற்கிறது. 118 என்றால் 1,320, மொத்தம் 2,640. உங்கள் பழைய 121-இல் 2,900. 116 வாங்காதீர்கள், 118 கிடைத்தால் வாங்கலாம்.

சிபியின் பலம் எடையில் இல்லை. எப்போதும் முழுச் சுமையோடு நிற்கும், வாரக்கணக்கில் நகராத வண்டிக்காகச் சைடுவாலைக் கட்டியிருப்பார்கள், அதிகக் காற்றைத் தாங்கும். கான்டினென்டல் வேன்கான்டாக்ட் கேம்பர், மிஷெலின் கிராஸ்கிளைமேட் கேம்பிங் இரண்டும் இந்த வகை. பின்னால் ஒற்றைச் சக்கரத்தில் சிபிக்கு 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ, என்பது பொதுவான வழிகாட்டல். அந்தக் காற்றில் பின்பக்கம் கொஞ்சம் தூக்கிப் போடும், அது குறை அல்ல.

வெளிச்சக்கரம்:

5.5 பார் என்றதும் வால்வைச் சொல்லியே ஆகணும். கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். 80 வைக்கும் சக்கரத்தில் அதை மாட்டிவிடும் கடைகள் இருக்கின்றன. நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் அதன் வாஷரைப் புதிதாக்குங்கள். வால்வு முனையில் திருகும், காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் சென்சார் போடுபவர்களுக்கு இது இன்னும் அவசியம். சென்சாரின் எடையால் ரப்பர் தண்டு ஆடி ஆடி வேரில் கிழியும்.

உள் டயருக்கு வளையும் நீட்டிப்புக் குழாய் மாட்டுவார்கள், அந்த இணைப்புகளில்தான் காற்று கசியும். ஒரே துண்டாக வரும் நீண்ட உலோக வால்வு நல்லது. உள் வால்வும் வெளி வால்வும் நேர் எதிரெதிராக, 180 டிகிரியில் வரும்படி ரிம்மை மாட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் இரண்டுக்கும் கை எட்டும். கை எட்டாத வால்வுக்கு யாரும் காற்று பார்ப்பதில்லை. இரட்டையில் ஒன்றில் காற்று போனால் மற்றது 2,230 கிலோவையும் தனியாகச் சுமக்கும், கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விடும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது காலி டயரைக் காட்டும், 20 பிஎஸ்ஐ காற்று குறைந்த டயரைக் காட்டாது.

ரப்பர்பால்:

காற்று எப்போதும் ஆறிய டயரில், குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 80 பிஎஸ்ஐயில் சுமார் 3 குறையும். ஓடிச் சூடான டயரில் எண் ஏறியிருப்பது இயல்பு, அதை இறக்கிவிடாதீர்கள்.

80 வைக்க வேண்டிய டயர் 64-க்குக் கீழே ஓடியிருந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயராகவே கணக்கு. அப்படியே காற்று ஏற்றக் கூடாது, கழற்றி உள்ளே பார்க்கணும். சைடுவாலிலும் எஃகுக் கம்பி உள்ள டயர்களில் வளைந்து தேய்ந்த கம்பிகள் காற்று ஏற்றும்போது வரிசையாக அறுந்து வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கடினம். கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

வாங்கும்போது தேதி எண்ணைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது என்றால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள். பளபளக்க வைக்கும் டயர் பூச்சு வேண்டாம், பெட்ரோலியம் கலந்தவை அந்தக் காப்பு மெழுகைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். வண்டியை நிறுத்தி மட்டமாக்கக் கட்டை வைக்கும்போது உள் டயர், வெளி டயர் இரண்டும் முழுதாகக் கட்டை மேல் நிற்க வேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் கட்டையின் விளிம்பில் கம்பிகள் மடியும்.

பயணி225:

225/75ஆர்16சி 121/120 என்று முடிவு செய்கிறேன். ரிம்மில் இருக்கும் எண்ணை நாளை படித்துவிட்டுச் சொல்கிறேன். மாட்டிய பிறகு வேறு ஏதாவது?

வெளிச்சக்கரம்:

இரட்டை ரிம்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டும் முகத்தில் துருவும் தடித்த பெயின்டும் இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள், அதுதான் பிறகு நட்டு தளர்வதற்குக் காரணம். காற்றுத் துப்பாக்கியோடு விட்டுவிடாமல், வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் குறுக்கும் மறுக்குமாக முறுக்கி, 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு முறை பார்க்கணும். அலைன்மென்டுக்கு வண்டியைக் காலியாகக் கொண்டுபோகாதீர்கள். வழக்கமான சுமை, நிறைந்த தண்ணீரோடு போங்கள், எடை மாறினால் முன் சக்கரக் கோணமும் மாறும்.