நாய் செடியைத் தின்றுவிட்டது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

புஜ்ஜி_வீடு (மாலை 6:42)
புஜ்ஜி தொட்டிச் செடியைக் குதறி வைத்திருக்கிறாள். ஒரு தடவை வாந்தி எடுத்தாள். இப்போது சும்மா படுத்திருக்கிறாள். வீட்டிலேயே என்ன கொடுக்கலாம்? வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போனை எடுக்கவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மொட்டைமாடி (6:44)
எந்தச் செடி? தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று?

கறுப்பு_வால் (6:45)
வயது, எடை? வாந்தியில் என்ன வந்தது, இலையா, நுரையா?

செம்பருத்தி (6:46)
உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றுங்கள். உடனே எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான் வைத்தியம்.

கறுப்பு_வால் (6:48)
உப்பு வேண்டவே வேண்டாம். வாந்தி வராமல் போனால் அவ்வளவு உப்பும் ரத்தத்தில் ஏறும். அதனாலேயே வலிப்பு வந்து செத்த நாய்கள் உண்டு. விஷத்தோடு இன்னொரு விஷம் எதற்கு?

செம்பருத்தி (6:49)
எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே.

பழைய_ஆள் (6:51)
இங்கே மாதம் நான்கு தடவை 'நாய் செடி தின்றது' என்று ஓர் இழை வந்துவிடும். ஒன்றிலாவது செடியின் பெயர் இருக்குமா என்றால் இருக்காது. செடி என்றால் ரோஜாவா, அரளியா? மணி பிளான்டைக் கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், பெரும்பாலும் அதோடு சரி. அரளி என்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், காய்ந்த சருகில்கூட விஷம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பதில் எழுத முடியாது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

புஜ்ஜி_வீடு (6:55)
பெயர் தெரியாது. பனை மாதிரி இருக்கும். வாங்கும்போது ஏதோ பாம் என்றார்கள். புஜ்ஜிக்கு 5 மாதம், 9 கிலோ. மதியம் தூங்கி எழுந்து பார்த்தபோதே குதறியிருந்தாள். ஒரு 3 மணி நேரம் இருக்கலாம்.

தொட்டியும்_மண்ணும் (6:57)
பனை மாதிரி என்றால் அரேக்கா பாம்தான். கவலையே வேண்டாம், நாய்க்கு அது விஷமில்லை. என் வீட்டில் ஆறு தொட்டி இருக்கிறது, இரண்டு நாய்களும் நுனியைக் கடித்துக்கொண்டேதான் இருக்கும். நார் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்திருக்கும். இரவு பட்டினி போடுங்கள், காலையில் சரியாகிவிடும்.

மொட்டைமாடி (6:58)
பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். புஜ்ஜி_வீடு, மூன்றே கேள்வி. இலை மெத்தென்று இருக்குமா, இல்லை விறைப்பாக நுனி கையில் குத்துமா? அடித்தண்டு வழவழவென்று இருக்குமா, அன்னாசித் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்குமா? நடுவில் கூம்போ, கொட்டையோ வந்திருக்கிறதா?

புஜ்ஜி_வீடு (7:02)
குத்தும். தூசி துடைத்தால் கையில் கீறல் விழும். அடி சொரசொரப்புதான். நடுவில் முட்டைகோஸ் மாதிரி ஒன்று வந்து, அதிலிருந்து செம்மஞ்சள் கொட்டைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதை உருட்டி விளையாடுவாள். இப்போது எண்ணினால் இரண்டு மூன்று குறைகிறது. ஆனால் எழுந்து வாலாட்டுகிறாள், தண்ணீர் குடித்தாள். காலையில் கூட்டிப் போனால் போதாதா?

மொட்டைமாடி (7:03)
போதாது. இப்போதே கிளம்புங்கள். அது சைகஸ், சேகோ பாம் என்று விற்கிறார்களே அது. இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம், கொட்டையில்தான் அதிகம். ஒரு கொட்டையை மென்று தின்றாலே நாய் செத்துப்போக வாய்ப்புண்டு. வாந்தி நின்று, நாய் தெளிந்த மாதிரி இருக்கும், இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கைவிடும். வாலாட்டுவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வழக்கமான டாக்டர்தான் வேண்டும் என்றில்லை, எங்கே திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். ஒரு கொட்டை, ஓர் இலை, வாந்தியில் கொஞ்சம், மூன்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியும்_மண்ணும் (7:05)
சைகஸ் என்றால் நான் எழுதியதை விட்டுவிடுங்கள். மன்னிக்கவும்.

நான்குகால் (7:06)
3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துவிட்டுக் கிளம்பலாமே?

கறுப்பு_வால் (7:08)
டாக்டர் போனில் அளவு சொன்னால் மட்டும். நாய் சோர்ந்திருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அதைத் தேடி எடுத்து ஊற்றும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம். அங்கே ஊசி போட்டே வாந்தி எடுக்க வைப்பார்கள், அப்புறம் விஷத்தை உறிஞ்சும் கரி கொடுப்பார்கள்.

பழைய_ஆள் (7:15)
ஒரு திருத்தம். சைகஸ் பனை இனமே அல்ல. பூக்காத தாவரம், உறவு என்று பார்த்தால் பைன் மரத்துக்குத்தான் நெருக்கம். ஆண் செடி தனி, பெண் செடி தனி. கொட்டை வருவது பெண்ணில் மட்டும், ஆணில் நீளமான கூம்பு வரும். இவர்கள் வீட்டில் இருப்பது பெண் செடி.

நான்குகால் (7:17)
நாய் உயிருக்குப் போராடும்போது தாவரவியல் வகுப்பா?

பழைய_ஆள் (7:20)
பனை என்று நினைத்ததால்தான் ஒருவர் 'காலையில் சரியாகிவிடும்' என்று எழுதினார். பெயரைச் சரியாகச் சொல்வதும் வைத்தியம்தான்.

செம்பருத்தி (7:24)
நாய்க்கு எது விஷம் என்று இயற்கையாகவே தெரியும் என்பார்களே? தெரு நாய்கள் எதையும் தின்று சாவதில்லை.

மொட்டைமாடி (7:29)
செத்த தெரு நாய் எதைத் தின்றது என்று யார் பார்த்தார்கள்? 5 மாதக் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும் நேரம், அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அதிலும் உருளும் கொட்டை கிடைத்தால் விடுமா?

நான்குகால் (7:33)
செடியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினால் கிட்டே வராது. அனுபவம்.

கறுப்பு_வால் (7:35)
என்னுடையது இரண்டு தும்மல் போட்டுவிட்டு மறுபடி தின்றது. கண்ணில் பட்டால் வேறு வேதனை. எட்டாத உயரத்தில் வையுங்கள், முடியாவிட்டால் வீட்டில் வைக்காதீர்கள். உரத்தையும் கவனியுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு போட்ட மண்ணை நாய்கள் தேடிப் போய்த் தோண்டித் தின்னும், அதிலும் உயிரைக் குடிக்கும் விஷம் மிச்சம் இருக்கலாம்.

செம்பருத்தி (7:41)
அப்படியானால் லில்லியையும் தூக்கிப் போட வேண்டுமா? லில்லிதான் எல்லாவற்றிலும் மோசம் என்று படித்தேன்.

பழைய_ஆள் (7:44)
அது பூனைக்கு. பூனையின் சிறுநீரகம் போய்விடும். நாய்க்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு முடியும். ஆனால் செங்காந்தளையும் குளோரி லில்லி, தீ லில்லி என்று விற்கிறார்கள், அதன் கிழங்கு யாருக்குமே ஆகாது. மறுபடியும் பெயர்தான் பிரச்சினை. சொன்னால் வகுப்பு எடுக்கிறேன் என்பார்கள்.

புஜ்ஜி_வீடு (இரவு 10:20)
இங்கேதான் இருக்கிறோம். வாந்தியில் இரண்டு கொட்டை வந்தது, ஒன்று மென்றது, ஒன்று முழுசு. கரி கொடுத்து டிரிப்ஸ் போட்டிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை இன்று சரியாக இருக்கிறது. நாளை போகலாம் அல்லவா?

மொட்டைமாடி (10:22)
இன்று சரியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கல்லீரல் அளவுகள் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். டாக்டர் விடும்வரை கூட்டி வராதீர்கள், மறுபடி எப்போது ரத்தம் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

தொட்டியும்_மண்ணும் (மூன்றாம் நாள், காலை 8:10)
ஏதாவது தெரிந்ததா? இரண்டு நாளாக இந்த இழையையே திறந்து திறந்து பார்க்கிறேன்.

புஜ்ஜி_வீடு (ஐந்தாம் நாள், மதியம் 1:05)
கல்லீரல் அளவு ஏறியது. நேற்றிலிருந்து இறங்குகிறது. இன்று தானாகச் சாப்பிட்டாள். மருந்து தொடர்கிறது. செடியைப் பிடுங்கி வெளியே போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

கறுப்பு_வால் (1:12)
அப்பாடா. வெளியே என்றால் எங்கே? தோட்டத்து மூலையில் குவித்து வைத்திருந்தால் அதுவும் ஆபத்துதான், வேரிலும் விஷம் இருக்கிறது. சோபாவுக்கு அடியில் கொட்டை ஏதும் உருண்டு கிடக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். முதலில் மொத்தம் எத்தனை கொட்டை இருந்தது?