பழைய காரில் ஆட்டம் கண்ட கியர் லீவர்: சரிசெய்தவர்களின் அனுபவங்கள்

மாருதி 800, கோயம்புத்தூர்

என்னிடம் இருப்பது நான்கு கியர் கொண்ட பழைய மாருதி 800. நியூட்ரலில் நிற்கும்போதே லீவர் நாலாபக்கமும் தாராளமாக ஆடியது; மூன்றாவது கியரில் வேகமெடுக்கும்போது அதன் அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது; ரிவர்ஸ் விழும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பட்டறையில் ஓட்டிப் பார்த்த உடனேயே கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் வண்டியின் அடியில் பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இந்தக் காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்னால் குறுக்காக அமர்ந்திருக்கின்றன. லீவரோ முன்னிருக்கைகளுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது தரைக்கு அடியில் செல்லும் ஒரு நீண்ட ராடு. லீவரை முன்னும் பின்னும் தள்ளினால் அந்த ராடு நீளவாக்கில் நகர்கிறது, பக்கவாட்டில் சாய்த்தால் அதே ராடு தன் அச்சிலேயே சற்றுத் திரும்புகிறது. அதற்கு இணையாக உள்ள இன்னொரு ராடு, லீவரின் அடிப்பாகத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. இவை சேரும் இடங்களில், மூட்டின் துளைக்குள் குழல் போல அமரும் நைலான் அல்லது ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. லீவரின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிட நீளமானது என்பதால், கீழே ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தாலே மேலே குமிழில் அது பல மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும்.

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றினோம். உள்ளே ஒருவர் லீவரை மெதுவாக அசைக்க, கீழிருந்து ராடை நான் கவனித்தேன். லீவர் பாதி தூரம் வந்த பிறகுதான் கியர் பாக்ஸின் முனை நகரத் தொடங்கியது. குறை எங்கே என்பது அத்துடன் தெளிவாகிவிட்டது. லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்ததால் உள்ளே சேறும் தண்ணீரும் புகுந்து, பந்து போன்ற முனை அமரும் நைலான் கிண்ணத்தை அரைத்திருந்தன. ராடு இணைப்பில் இருந்த ரப்பர் புஷ்ஷோ சைலென்சர் குழாயின் சூட்டில் இறுகி வெடித்திருந்தது.

புஷ்களை மாற்றுவது பெரிய வேலையன்று. ஆனால் பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்ததும் உள்ளேயிருந்த உலோக ஊசியை, அதாவது பின்னைத் துடைத்து விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் ஒரு படியில் தட்டினால் பின்னும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிட்டுப் புது புஷ்ஷை மட்டும் போட்டால் ஆட்டம் விரைவில் திரும்பிவிடும். தளராமல் தானே பூட்டிக்கொள்ளும் வகை நட்டுகளுக்கு எப்போதும் புதியவற்றையே போட வேண்டும். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் அது உப்பிக் கெடும் என்பதால் சிலிகோன் கிரீஸ் வாங்கினேன். லேத்தில் பித்தளை புஷ் கடைந்து தருவதாகவும் ஒருவர் சொன்னார். ஆயுள் கூடும் என்பது உண்மைதான், ஆனால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் லீவர் வழியே கைக்கு வந்துவிடும் என்பதால் நான் ஒப்பவில்லை.

பிரீமியர் பத்மினி, சென்னை

பித்தளையைப் பற்றி நண்பர் சொன்னது அவருடைய காருக்குப் பொருந்தும். என்னுடைய காருக்குப் பொருந்தாது. என் பத்மினியில் இருப்பது ஸ்டியரிங் கியர், அதாவது கியர் லீவர் தரையில் இல்லாமல் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இருக்கும். லீவரைத் தண்டின் நீளவாக்கில் அசைப்பது ஓர் இணைப்பையும், சுழற்றுவது வேறோர் இணைப்பையும் இயக்குகின்றன. இவ்வளவு மூட்டுகள் இருக்கும்போது ஒவ்வொன்றிலும் சேரும் சிறு தேய்மானம் மொத்தமாகக் கூடிவிடுகிறது. இரண்டு கியர்களுக்கு இடையே இணைப்பு சிக்கி, நடுச்சாலையில் பானட்டைத் திறந்து, ராடைக் கையால் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவருவது அந்தக் காலத்து டாக்ஸி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வித்தை. அம்பாசிடரின் ஸ்டியரிங் கியரிலும் இதே தொல்லை உண்டு.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடியபோது கிடைத்த பழைய இணைப்புகளும் என்னுடையதைப் போலவே தேய்ந்திருந்தன. எனவே துளைகளைச் சீராகப் பெரிதாக்கி, கிரீஸ் நிற்பதற்கு உட்புறத்தில் பள்ளம் வெட்டிய பித்தளை புஷ்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால்தான் பலன் தெரிந்தது. அதன் பிறகு ராடுகளின் நீளத்தை நியூட்ரலில் வைத்துச் சரிபார்க்க மறந்துவிடக் கூடாது, ஏனெனில் பழைய தேய்மானத்துக்கு ஏற்ப யாரோ திருகி வைத்த அளவு புதிய புஷ்களுக்கு ஒத்துவராது. பித்தளைக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்காவிட்டால் அது பின்னையே தின்றுவிடும். அந்தப் பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாருதி ஜென், மதுரை

புஷ்களை மாற்றிய பிறகும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் என் காரில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. பானட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஒருவர் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கச் செய்து பார்த்தபோது எஞ்சின் வழக்கத்துக்கு மிஞ்சிச் சாய்ந்தெழுந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்று இரண்டாகக் கிழிந்திருந்தது; எஞ்சினோடு கியர் பாக்ஸும் சாய்ந்ததால் ராடு இழுபட்டுக் கியர் நழுவியிருக்கிறது. அதை மாற்றியதும் நழுவுவது நின்றுவிட்டது.

இன்னொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் இலகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் எதுவும் விழ மறுத்தால், லீவரைத் தொடாமல் முதலில் கிளட்சைப் பாருங்கள். பெடலை முழுவதும் மிதித்தும் கிளட்ச் பிரியாமல் இருக்கக்கூடும். எல்லாம் முடிந்த பிறகும் என் காரில் காலை வேளையில் இரண்டாவது கியர் மட்டும் கரகரவென்று விழுகிறது. ஒரே ஒரு கியரில் வரும் அந்தச் சத்தம், கியர் விழும்போது சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையமான சிங்க்ரோ ரிங் தேய்ந்ததன் அடையாளம். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அடுத்த முறை கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.