வலது குழல் சிதறுகிறது, இடது குழல் கூட்டமாகப் போகிறது: துப்பாக்கி பழுதா?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். அப்பா லைசென்ஸில் பழைய இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி இருக்கிறது. காட்டுப்பன்றி கடலைக்காட்டை உழுதுபோட்டுவிடுகிறது. 2022-இல் கேரளத்தில் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு வந்தபின் அனுமதி வாங்கிச் சுடுபவர்களில் அப்பாவும் ஒருவர். போன வாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சில் 30 மீட்டரில் அட்டை வைத்துப் பார்த்தார். இடது குழல் பெரிய முறத்தளவில் விழுந்தது, வலது குழல் அட்டையைத் தாண்டிச் சிதறியது. குழல் தேய்ந்துவிட்டதா? மச்சான் இதை விற்றுவிட்டு .315 ரைஃபிள் வாங்கச் சொல்கிறார். இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

வேலந்தாவளம்காரன்:
பழுதில்லை தம்பி. குழல் வாய்ப்பக்கம் உள்ளே கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அதுதான் சோக். ஒடுக்கம் கூடினால் சிதறல் குறையும். வழக்கமாக வலதில் குறைவு, இடதில் அதிகம். முன்விசை வலது குழலுக்கு, பக்கத்தில் நிற்பதை அடிக்க. பின்விசை இடதுக்கு, விலகி ஓடுவதை அடிக்க.

பழைய பட்டாளம்:
ரைஃபிள் குழலுக்குள் திருகுபோலக் காடி வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டு அதில் சுழன்று வருவதால் தடுமாறாமல் போகும். உங்களுடையது உள்ளே வழவழப்பு, ஒரே தோட்டாவில் பல பால்ரஸ் (சின்ன உருண்டைகள்), போகப்போக விரியும். 35, 40 மீட்டருக்கு மேல் சுட வேண்டாம். அடிபட்ட பன்றி புதருக்குள் கிடந்து துடித்துச் சாகும், அது பாவம்.

12 என்பது மில்லிமீட்டர் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் அகலம்தான் குழலின் அகலம், சுமார் 18.5 மி.மீ. 20 போர் அதைவிடச் சிறிசு என்பது இதனால்தான். .315 இஞ்சுக் கணக்கு, 8 மி.மீ. அந்தக் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். நம் பக்கம் வரப்புக்கு வரப்பு வீடு. 12 போரே போதும்.

வேலந்தாவளம்காரன்:
அப்புறம், தோட்டா நீளம் பார்த்தீங்களா? பழைய துப்பாக்கி பலதுக்குத் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அந்த அளவு, சுட்டபின் தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகான நீளம். அறை சின்னதென்றால் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்க.

தென்னந்தோப்பு:
பார்த்தோம் அண்ணா. இரண்டரை இஞ்சு என்று பொறித்திருக்கிறது, நீங்கள் சொன்ன 65 மி.மீ. அறைதான். ரேஞ்சில் சுட்ட பெட்டியில் 70 என்று இருக்கிறது. அப்பாவுக்குக் கையே நடுங்கிவிட்டது. மீதித் தோட்டாவை நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுக்கிறோம். துப்பாக்கியையும் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் காட்டிவிட்டுத்தான் இனித் தொடுவோம்.